உறுமிக்கொரு விலை, மிருதங்கத்துக்கொரு விலை

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பினாங்குக் கடைத்தெருவிலும் நம் இசைக்கருவிகளை விற்றும் பழுது பார்த்தும் வருகின்ற கடைகளைப் பற்றி, நம்மவர் கூடுமிடமெல்லாம் ஒரே புலம்பல்தான். கொடுத்த உறுமி குறித்த நாளில் வரவில்லை. வந்ததும் ஒரு மாதத்தில் தோல் தளர்ந்துவிட்டது. கேட்கும் கூலியோ பகற்கொள்ளை. ஆசிரியர் அறைகளில் இதைக் கேட்டுக் கேட்டுச் செவி புளித்துவிட்டது.

இப்புலம்பலில் உண்மை அறவே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. ரசீது கொடுக்கும் வழக்கமே பல கடைகளில் இல்லை. உடைமையாளரைக் கேளாமலே ஆட்டுத்தோலைக் கழற்றி எறிந்துவிட்டுச் செயற்கைத் தோலைப் பூட்டித் தருவோரும் உளர். எங்கள் பள்ளிப் பறை ஒன்று பழுது பார்க்கப்பட்டு வந்தது. தோலை மரச்சட்டத்தில் ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசைதான் மரபு. அதைக் காய்ச்சுவதற்குச் சோம்பிய ஒருவர் கடையில் விற்கும் பசையைத் தடவியிருந்தார். முதல்நாள் நெருப்பில் காட்டியதுமே விளிம்பு பிரிந்து எழுந்தது. நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றும் கருவிக்கு எந்தப் பசை தாங்கும் என்பதை அறியாதவர் அதைத் தொட்டிருக்கவே கூடாது.

ஆயினும், கடைக்காரர் மீது நாம் சுமத்தும் குற்றங்களுள் பெரும்பகுதி நம்மீதே திரும்ப வேண்டியவை.

தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருக்கையில் அத்தகைய கடை ஒன்றின் வாசலில் போய் நின்று பாருங்கள். ஆண்டு முழுவதும் கோயில் கிடங்கிலோ பள்ளி அலமாரியிலோ பூஞ்சணம் பூத்துக் கிடந்த உறுமிகள் வந்து குவிந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் மறுநாளே வேண்டும். தோலை ஊறவைக்க வேண்டும். பதமாக வளையத்தில் பிடித்துக் கட்ட வேண்டும். கயிற்றை இழுத்திழுத்து இருபுறமும் சமமாக முறுக்க வேண்டும். பிறகு நிழலில் உலர விட வேண்டும். வெயிலில் வைத்து அவசரப்படுத்தினால் தோல் ஒருபால் காய்ந்து ஒருபால் இளகும். சில வேளை வெடிக்கும். அதிலும் நம் நாட்டுக் காற்றின் ஈரம் சொல்லி முடியாது. ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த காற்று தோலுக்குள் புகுந்து இறங்கும் காலத்தில்தான் நாம் கருவியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, நாளைக்கு வேண்டும் என்கிறோம். ஈரம் வற்றாமல் கட்டிய தோல் தளராமல் என்ன செய்யும்? அந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்கவே கடைக்காரர் செயற்கைத் தோலுக்குத் தாவுகிறார். பிறகு நாமே, பழைய நாதம் இல்லையே என்று அங்கலாய்க்கிறோம்.

கூலியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே கடையில், ஒரே பலகையில், ஒரே மனிதர் மிருதங்கத்துக்கும் மூட்டுகிறார். உறுமிக்கும் தோல் கட்டுகிறார். மிருதங்கத்தின் வலந்தலைக்குக் கரணை இடுவது நுட்பமான வேலை. கிட்டக்கல் தூளைச் சோற்றோடு பிசைந்து, படிப்படியாகத் தேய்த்து ஏற்றுவது. அதற்கு உரிய கூலியை யாரும் வாய் திறவாமல் கொடுத்துவிடுகிறார்கள், கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அதே மனிதர் உறுமிக்குக் கூலி சொன்னவுடன், "ஒரு தோலைக் கட்டுவதற்கா இவ்வளவு?" என்று கேட்கிறோம். அங்கே கலைஞராக இருந்தவர் இங்கே தோல்காரராகிவிடுகிறார். கருவி சபைக்குப் போகிறதா, தெருவுக்குப் போகிறதா என்பதைப் பார்த்துத்தான் நாம் உழைப்புக்கு விலை வைக்கிறோம். இந்த மனப்பான்மை எங்கிருந்து கப்பலேறி வந்தது என்பதை நான் சொல்லித்தான் ஆகவேண்டுமா?

மிருதங்கத்தைச் செய்பவருக்கேனும் மரியாதை முழுதாகக் கிட்டிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. மிருதங்கம் செய்யும் குடும்பங்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா ஆங்கில நூலாக எழுதி 2020இல் வெளியிட்டார். சென்னையில் அதன் வெளியீட்டுக்கு அரங்கு தர முதலில் இசைந்திருந்த கலாட்சேத்திரா, பின்னர் அவ்விசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தோலைத் தொடும் கையைப் பற்றிப் பேசுவதற்கே இத்தனை தயக்கம்.

தமிழாசிரியர்களாகிய நம்மிடம் வருகிறேன். தொல்காப்பியம் கருப்பொருள்களுள் பறையை வைத்தது என்று கற்பிக்கிறோம். குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி என்று மாணவர் ஒப்புவிக்கின்றனர். துடியனையும் பாணனையும் பறையனையும் கடம்பனையும் சிறந்த குடிகளாக எண்ணிய மாங்குடி கிழாரின் புறப்பாட்டைச் சொல்லிப் பெருமிதம் கொள்கிறோம். தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்னும் பகுப்பைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். நன்று. அந்தத் தோற்கருவியின் தோல் எந்த விலங்கினது, எவ்வாறு கட்டப்படுகிறது என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டால் நம்மில் எத்தனை பேருக்கு விடை தெரியும்? பள்ளி ஆண்டுவிழாவில் பறையாட்டம் முடிந்ததும் கைதட்டுகிறோம். ஆடிய பறையை ஈரத்தரையில் சாய்த்து வைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். மறு ஆண்டு அது கிழிந்து கிடந்தால் புதிதொன்று வாங்கப் பணம் திரட்டுகிறோம். புதியது வாங்கக் கொடை கேட்டால் தருவோர் உண்டு. பழுதுக்கு என்று கேட்டுப் பாருங்கள், முகம் சுளிப்பார்கள்.

ஒரு காலத்தில் இந்நிலை இல்லை. தோட்டங்களில் திருவிழாவுக்கு முன்பே லயத்து வாசலில் பெரியவர்கள் தோல் ஊறவைத்துத் தாங்களே கட்டினர். சிறுவர்கள் சுற்றி அமர்ந்து பார்த்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாயின. அந்த வாசலும் போயிற்று. இன்று நகரத்து உறுமிமேள இளைஞர்கள் பத்துமலை அடிவாரத்தில் அடிக்கும் அடியைக் குறைசொல்ல முடியாது. அந்தக் கருவியைத் தாமே கட்டத் தெரிந்தவர்கள்தாம் அவர்களிடையே அரிதாகிவிட்டார்கள். அவர்களை ரவுடிகள் என்று இழித்துப் பேசும் நம் படித்த வர்க்கம் கற்றுக்கொடுக்க ஓர் அடி எடுத்து வைத்ததுண்டா?

பக்கத்து வீட்டைப் பார்ப்போம். 1988இல் ஜொகூர் பாருவில் சீனர்கள் இருபத்து நான்கு பருவ முரசு என்னும் புதிய மரபையே படைத்தனர். பருவங்களின் பெயர்களை முரசுகளில் எழுதிப் பள்ளி மாணவர் கையில் கொடுத்தனர். மலாய்ப் பிள்ளைகள் கொம்பாங் தோல் தளர்ந்தால் சட்டத்துக்கும் தோலுக்கும் இடையே பிரம்பைச் செருகி இறுக்கும் வித்தையை இளமையிலேயே பழகுகின்றனர். நம் பிள்ளைகளுக்கோ உறுமி கெட்டால் கடை, கடை கெட்டால் புலம்பல்.

செயற்கைத் தோல் போதுமே, மழையிலும் தளராதே என்பார் உளர். பயிற்சிக்கு அது பயன்படட்டும். பறைக்கு ஒருவாறு பொருந்தவும் செய்யும். உறுமிக்கு அந்தச் சமாதானம் செல்லாது. வளைகுச்சியால் இடந்தலையை உராயும்போது எழும் அந்த முனகல் தோலும் குச்சியும் உரசுவதால் பிறப்பது. வழவழப்பான பிளாஸ்டிக்கில் அது கீச்சிடுகிறது, உறுமுவதில்லை.

எனவே இவ்வாண்டு பள்ளிகளின் கருவிச் செலவுக் கணக்கில் பழுதுக்கூலி என்று ஒரு பத்தி சேரட்டும். கருவிகள் தைப்பூச வாரத்தில் அன்று, ஆவணியிலேயே கடைக்குப் போகட்டும். என்ன தோல், எத்தனை நாள், என்ன கூலி என்பதை இரு தரப்பும் தாளில் எழுதிக்கொள்ளட்டும். தன்முனைப்புப் பேச்சாளரை அழைத்துப் பொன்னாடை போர்த்தும் செலவில் ஒரு முறையேனும், தோல் கட்டுபவரை ஊறிய தோலோடும் வளையத்தோடும் கயிற்றோடும் வகுப்புக்கு அழையுங்கள். மாணவர்கள் கயிற்றை ஒரு முனையில் பிடித்து இழுக்கட்டும். பேச்சாளருக்குக் கொடுக்கும் தொகையையே அவருக்கும் கொடுங்கள், பேரம் பேசாமல்.