பிரசவ வார்டில் யாருடைய சம்மதம்?

தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. கிராம சுகாதாரச் செவிலியர்கள் வீடு வீடாக நடந்து சம்பாதித்த சாதனை அது. ஆனால், அப்படி வந்து சேர்ந்த பெண்ணிடம் அங்கே யார், எதை, எப்போது கேட்கிறார்கள்?

பிரசவ வார்டின் கதவு பாதி திறக்கிறது. செவிலியர் தலையை நீட்டி, பெண்ணின் பெயரைச் சொல்லி, "கூட வந்தவங்க யாரு?" என்கிறார். கணவர் எழுந்து ஓடுகிறார். "குழந்தைக்குத் துடிப்பு குறையுது. ஆபரேஷன் பண்ணணும். இங்க கையெழுத்து போடுங்க சார்." அச்சடித்த படிவம், பாதிக் கட்டங்கள் காலி. அவர் படிப்பதில்லை, படிக்க நேரமும் இல்லை. கத்தி படப்போகும் உடம்புக்குச் சொந்தக்காரி கதவுக்கு அந்தப் பக்கம் முழு நினைவோடு படுத்திருக்கிறாள்.

இந்தப் பழக்கத்துக்கு விதிப்புத்தகத்திலேயே வேர் இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள், அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் தர வேண்டியவர்களில் கணவன் அல்லது மனைவியை முதலில் சொல்லி, நோயாளியைக் கடைசியில் சேர்க்கின்றன. உச்ச நீதிமன்றமோ 2008-ல் சமீரா கோலி வழக்கில் வேறு மாதிரி சொன்னது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட 44 வயதுப் பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும், வெளியே இருந்த தாயின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு அகற்றப்பட்டன. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயதுவந்த பெண்ணுக்காக அவள் தாய்கூடச் சம்மதிக்க முடியாது என்றது நீதிமன்றம். பெற்றவளுக்கே இல்லாத அதிகாரம் கணவருக்கு எப்படி வந்தது? கருக்கலைப்புக்குக்கூட 1971ஆம் ஆண்டுச் சட்டம் வயதுவந்த பெண்ணின் சம்மதத்தோடு நிறுத்திக்கொள்கிறது.

அவசரத்தில் உட்கார்ந்து விளக்க முடியுமா என்று மருத்துவர்கள் கேட்பார்கள். இரவுப் பணியில் ஒரே நேரத்தில் நாலைந்து பேருக்கு வலி கண்டிருக்கும்போது அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால், அவசரம்தான் திடீரென்று வரும். அது வரக்கூடும் என்பது மாதக்கணக்கில் முன்பே தெரிந்த விஷயம். உதாரணத்துக்கு, ஸ்காட்லாந்தில் நாடின் மான்ட்கோமரி என்ற கர்ப்பிணிக்கு நீரிழிவு இருந்தது, உயரமும் குறைவு. இப்படிப்பட்ட தாய்மாருக்குப் பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது, பத்து. மருத்துவர் அதைச் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள் என்பது அவர் வாதம். 1999-ல் தோள் சிக்கியது. குழந்தை மூளை பாதிப்போடு பிறந்தது. எந்த ஆபத்தைச் சொல்லலாம் என்று மருத்துவர்களின் வழக்கம் தீர்மானிக்க முடியாது, அந்தப் பெண்ணின் இடத்தில் இருப்பவர் எதைத் தெரிந்துகொள்ள நினைப்பாரோ அதைச் சொல்லியாக வேண்டும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. நம் 2008 தீர்ப்பு இந்த இடத்தில் இன்னும் மருத்துவ வழக்கத்தையே அளவுகோலாக வைத்திருக்கிறது.

சொன்னால் எல்லோரும் ஆபரேஷன் கேட்பார்கள் என்ற வாதத்தை இங்கே வைத்தால் சிரிப்புதான் வரும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தின் தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். பழியை முழுக்க மருத்துவர் தலையில் கட்டவும் முடியாது. ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்துக்குக் குழந்தையை எடுக்கச் சொல்லும் குடும்பங்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். 'நோயாளியின் விருப்பம்' என்று அப்போது பதிவாவது பெரும்பாலும் மாமியாரின் விருப்பம்.

ஆபரேஷனுக்காவது ஒரு படிவம் உண்டு. சுகப்பிரசவத்தில் அதுவும் இல்லை. பிறப்புவாயைக் கத்தரித்து அகலப்படுத்துவதை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்ய வேண்டாம், வயிற்றை மேலிருந்து அழுத்திக் குழந்தையைத் தள்ள வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்துவிட்டது. இங்கேயோ, கத்தரித்தது தையல் போடும்போதுதான் பல பெண்களுக்குத் தெரிகிறது. "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, ரெண்டு தையல்தான்" என்பதே அவர்களுக்குக் கிடைக்கும் விளக்கம். பிரசவம் முடிந்த கையோடு காப்பர்-டியைக் கேட்காமலே வைத்துவிட்டார்கள் என்ற புகாரும் தமிழகத்துக்குப் புதிதல்ல.

விளக்கிச் சொல்லி, அவள் மறுத்துவிட்டால்? மருத்துவர்களின் உண்மையான பயம் இதுதான். குழந்தைக்கு ஏதாவது ஆனால் உறவினர் கூட்டம் முதலில் பிடிப்பது பணியிலிருக்கும் மருத்துவரின் சட்டையைத்தான். ஆனால், அந்தப் பயத்துக்குக் கணவரின் கையெழுத்து மருந்தாகாது. கையெழுத்துப் போட்டவர்தான் கூட்டத்தில் முன்னால் நிற்கிறார்.

ஏழாம், எட்டாம் மாதப் பரிசோதனைக்குப் பெண் வரத்தான் செய்கிறாள். வலி வர ஊசி, கத்தரிப்பு, ஆயுதம், சிசேரியன், காப்பர்-டி ஒவ்வொன்றும் எப்போது தேவைப்படும், வேண்டாமென்றால் என்ன ஆகும் என்று அப்போதே ஒரு செவிலியர் சொல்லி, அவள் பதிலைத் தாய்-சேய் அட்டையில் குறித்துவைக்கலாம். வலி வந்த பிறகும் அவள் மனம் மாறலாம். அதனால் வார்டிலும் அவளிடமே கேட்க வேண்டும். படிவத்தில் அவள் கையெழுத்து. கணவருடையதும் கட்டாயம் வேண்டும் என்றால், அது சாட்சிக்கான கட்டத்தில் இருக்கட்டும்.