எண்ணெய்க்குக் காத்திருந்தவர்

பெரியப்பா காலமாகி ஒரு வருஷம் ஆனபோது வீட்டில் நினைவு மலர் போட்டோம். எழுதுகிறவன் என்ற பாவத்துக்கு, வேலை என் தலையில். வந்த கட்டுரைகள் பதினொன்று. பதினொன்றிலும் அவர் எளிமையானவர், பழக இனியவர், நேரம் தவறாதவர். பெயரை மாற்றிவிட்டால் எந்தப் பெரியப்பாவுக்கும் பொருந்தும். நான் எழுதியதில் ஒரு வரி இருந்தது: கடன்காரர் வருவாரோ என்று சில நாட்கள் வாசல் விளக்கைப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பார். அத்தை சிவப்பு மையால் அதை அடித்துவிட்டார். “இது எதுக்குப்பா ஊருக்கு?”

அன்றிரவு உ.வே.சா.வை எடுத்தேன். தம் ஆசிரியர் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அவர் எழுதிய சரித்திரம் 1933, 1934 என இரண்டு பாகங்களாக வந்தது. ஆசிரியர் மறைந்து அப்போதே 57 வருஷம்; மாணவருக்கு வயது 78. கடிதங்கள், சுவடிகள், பழகியவர்களின் வாய்மொழி எல்லாவற்றையும் திரட்டி எழுதிய புத்தகம். உண்மையைச் சொன்னால், முதல் பாகத்தில் எனக்கு மூச்சு வாங்கும். எந்த ஊருக்குத் தலபுராணம், எங்கே அரங்கேற்றம், யார் சிறப்புப்பாயிரம் கொடுத்தார்... பிள்ளையவர்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார், முகம் தெரிவதில்லை. அதில் உ.வே.சா.வின் குற்றம் ஒன்றுமில்லை. பிள்ளை பிறந்தது 1815இல். இவர் பிறக்க இன்னும் 40 வருஷம் இருந்தது. அந்தக் காலத்தைக் கேட்டுத்தான் எழுத முடியும்.

நான் பிள்ளையவர்களைக் கண்ணால் பார்த்தது உ.வே.சா. தம் வாழ்க்கையை எழுதிய ‘என் சரித்திர’த்தில். 1940 முதல் ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்தது அது. மாயூரத்தில் ஒரு காலை. பிள்ளை எண்ணெய் ஸ்நானத்துக்குத் தயாராகிறார். வீட்டில் எண்ணெய் இல்லை, வாங்கக் காசும் இல்லை. பாடம் கேட்கும் பையனான உ.வே.சா.வுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. தன் கையிலிருந்த காசில் வாங்கி வந்துவிடுகிறான். புராணம் புராணமாகப் பாடிய கவிஞர் கையளவு எண்ணெய்க்குக் காத்திருக்கிறார். இதைச் சொன்னதால் பிள்ளையின் மதிப்பு ஒரு பிடிகூடக் குறையவில்லை.

சங்கீத விஷயமும் அப்படித்தான். அதே ஊரில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பையன் ஆசையாகச் சங்கீதம் கற்கிறான். ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறான். ஆசிரியரைக் குறை சொல்லாமல், நடந்ததை மறைக்கவும் செய்யாமல், எழுபது வருஷம் கழித்து அதை எழுதிவைக்கிறார். இந்த நடை எனக்கு எழுதி எழுதியும் கைவரவில்லை.

ஆங்கிலத்தில் வாழ்க்கை வரலாறு என்றதும் பாஸ்வெல்லைச் சொல்வார்கள். ஆங்கில அகராதி தொகுத்த ஜான்சனைப் பற்றி அவர் எழுதி 1791இல் வந்த சரித்திரத்தில் அந்த அகராதியும் உண்டு, அறிஞர் சபைகளும் உண்டு. எனக்கு நிற்பது ஆரஞ்சுத் தோல்தான். ஜான்சன் அதை உலர்த்திச் சேர்த்துவைப்பார். எதற்கு என்று பாஸ்வெல் துருவித் துருவிக் கேட்டும் மனிதர் வாயைத் திறக்கவில்லை. விடை கிடைக்காத அந்தக் கேள்வியையும் பாஸ்வெல் புத்தகத்தில் விட்டுவைத்தார். இத்தனைக்கும், வேலைக்காரரிடம் கொஞ்சம் பேசினால் ஒருவரைப் பற்றித் தெரியவருவது, வம்சாவளியில் தொடங்கி இறுதிச் சடங்கில் முடியும் சரித்திரத்தில் தெரியவராது என்று 1750இலேயே எழுதியவர் ஜான்சன்தான். தன் தோல் விஷயத்தில் மட்டும் கறார்!

பிள்ளையின் கடைசி நேரத்தையும் உ.வே.சா. அருகிலிருந்தே பார்த்தார். 1876 பிப்ரவரி 1. கிறிஸ்தவ மாணவரான சவேரிநாத பிள்ளை ஆசிரியரைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டிருக்கிறார். உ.வே.சா. திருவாசகத்தில் அடைக்கலப்பத்து வாசிக்கிறார். அந்த அறையில் யார் எங்கே இருந்தார்கள் என்று சொன்னதே போதுமாக இருக்கிறது. ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்ற நம் வாடிக்கைச் சொற்றொடருக்கு அங்கே வேலையே இல்லை.

மலர் அச்சாகி வந்துவிட்டது. அந்த வரி இல்லை. போன வாரம் அத்தை வந்திருந்தார். காபியை ஆற்றிக்கொண்டே திடீரென்று கேட்டார்: “ஆமா, அந்த விளக்கு சமாசாரம் உனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலை அத்தை. பக்கத்துல உட்கார்ந்திருந்தது நான்தான்.”