குழல் பெருத்தால் குறி தப்பாதா?

காட்டுப்பன்றியைச் சுட வனத்துறைக்கு அனுமதி என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தாலும் அறிவித்தது, துப்பாக்கி நிபுணர் இல்லாத டீக்கடையே இல்லை என்றாகிவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து திருவாலங்காட்டுக் கரும்புத் தோட்டம் வரை ஒரே தீர்ப்புதான்: பெரிய மிருகத்துக்குப் பெரிய துப்பாக்கி. உருக்காலைகளுக்கு நடுவே வாழ்கிறவர்கள் இப்படிப் பேசுவதுதான் வேடிக்கை. கம்பி வாங்கும்போது பருமனை மட்டுமா பார்க்கிறோம்? தரத்தையும் கேட்கிறோம் அல்லவா?

இந்த நம்பிக்கையை யானை வேட்டைக்காரர் டபிள்யூ.டி.எம். பெல் நூறாண்டுக்கு முன்பே பொய்யாக்கிவிட்டார். ஆப்பிரிக்காவில் அவர் கொன்ற யானைகள் ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவற்றை வீழ்த்தியது வெறும் 7 மி.மீ. தோட்டா. யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கமிருந்து எட்டலாம் என்று படித்தவர் அவர். கெட்டி உறை போட்ட நீளமான தோட்டா நசுங்காமல் நேராக உள்ளே இறங்கும் என்பதையும் அறிந்திருந்தார். தந்தத்துக்காக நடந்த அந்தக் கொலைகளைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனால் கணக்கு கணக்குதான்.

ஜிம் கார்பெட்டைப் பாருங்கள். 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண்புலியை 1907-இல் அவர் எதிர்கொண்டது .500 அங்குலத் துப்பாக்கியோடு. அத்தனை பருத்த குண்டு பட்டும் புலி உடனே சாயவில்லை. கொண்டுபோன மூன்று தோட்டாவும் தீர்ந்து, தாசில்தாரின் துப்பாக்கியை வாங்க ஓடினார். அந்த வேட்டைக்குப் பரிசாகக் கிடைத்ததோ மெல்லிய .275 ரிக்பி. 1926-இல் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை முடித்தது அதுதான்.

பாய்ந்து வரும் யானையைப் பக்கத்தில் நிறுத்த வேண்டுமானால் கனமான துப்பாக்கி வேண்டும். .375-க்குக் குறையக் கூடாது என்று ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் சட்டமே உண்டு. அதை யார் மறுத்தார்கள்? ஆனால் அந்தத் துப்பாக்கி தோளில் இடிக்கிற இடிக்குப் பயந்து, விசையை அழுத்தும்போதே கண்ணை மூடிக்கொள்கிறவன் கையில் அது எதற்கு? பன்றிக்கு நம் அரசுத் தொழிற்சாலையின் .315 ரைஃபிளே, அதாவது 8 மி.மீ. தோட்டாவே, தாராளம்.

அகலம்தான் வேண்டுமென்றால் நம்மூர் 12 போர் இரட்டைக்குழலின் வாய் 18 மி.மீ.க்கு மேல். அதில் போடும் எல்.ஜி. குண்டுகள் தூரம் கூடக் கூடச் சிதறும். ஐம்பது அறுபது கஜத்துக்கு அப்பால் பன்றியைக் காயப்படுத்தி விரட்டத்தான் உதவும். காயத்தோடு கரும்புக்குள் பதுங்கிய பன்றியிடம் மறுநாள் சிக்குகிறவர் சோகை கழிக்கப் போன கூலியாள்.

இன்னொன்றை யாரும் பேசுவதே இல்லை. நம் வட்டாரம் மலையடிவாரம் அல்ல, தட்டை நிலம். தவறிய ரைஃபிள் தோட்டா ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். அந்தத் தூரத்துக்குள் ஆலை இருக்கிறது, வடமாநிலத் தொழிலாளர் படுத்திருக்கும் தகரக் கொட்டகை இருக்கிறது, கொல்கத்தா நெடுஞ்சாலை இருக்கிறது. பன்றி வருவதோ ராத்திரியில். இங்கே துப்பாக்கியைத் தேர்வு செய்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை.

அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால்தான் சுடலாம். அதுவும் வனத்துறையினர் மட்டும். ஆகவே, அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் பெரிய துப்பாக்கி கேட்டு மனு கொடுக்காதீர்கள். சுட வருகிறவர் கடைசியாக எப்போது குறிபார்த்துப் பழகினார் என்று கலெக்டரிடம் கேளுங்கள்.