இரண்டு பதிவேடும் ஒரு சம்பளச் சீட்டும்

அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத் ஓடிய இடங்களுக்கு நடுவே இப்போது டேட்டா சென்டர் கட்டடங்கள் எழும்பி நிற்கின்றன. உள்ளே என்னதான் இருக்கும் என்று பேரனைக் கேட்டேன். "நிறைய கம்ப்யூட்டரோட டிஸ்க்கைச் சேர்த்து ஒரே பீரோ மாதிரி காட்டலாம் தாத்தா" என்றான்.

அந்த வேலையைச் செய்யும் மென்பொருள்களில் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர் நம்மவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி. 'க்னூ'வையும் 'கிளஸ்டரை'யும் சேர்த்து 'குளஸ்டர்' என்று பெயர். 2011-ல் ரெட் ஹாட் நிறுவனம் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. நம் தெருவில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நான் ஸ்டோர்ஸில் இருந்தவன். எந்த போல்ட் எந்த ரேக்கில் என்பது பின் கார்டு வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். அவர் லீவு போட்டால் லைனே நின்றுவிடும். குளஸ்டரில் அப்படி ஒருவரே கிடையாது. கோப்பின் பெயரை வைத்துக் கணக்குப் போட்டே அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். இந்த யோசனைக்கு நான் எழுந்து நின்று கை தட்டுவேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் சின்னப் பசங்களோடு எனக்குச் சண்டை. செலவை மிச்சம் பிடிக்க இரண்டு பிரதி போதும் என்கிறார்கள். நடுவில் கேபிள் அறுந்து, இரண்டு பக்கமும் தனித்தனியே எழுதிக்கொண்டே போனால்? மறுபடி இணையும்போது இரண்டுமே 'நான்தான் சரி' என்று நிற்கும். 'ஸ்பிளிட் பிரெயின்' என்பார்கள். இதற்காகவே ஆர்பிட்டர் என்று மூன்றாவதாக ஒன்றை வைக்கலாம். அது கோப்பின் உள்ளடக்கத்தைச் சுமக்காது. பெயரையும் மாற்ற விவரத்தையும் மட்டும் வைத்திருக்கும். அதற்கு இடமும் அதிகம் வேண்டாம்.

எனக்கு இது பட்ட அடி. நான் ஓய்வு பெற்றபோது தொழிற்சாலைப் பதிவேட்டில் சேர்ந்த வருடம் 1974, தலைமை அலுவலகப் பதிவேட்டில் 1976. இரண்டிலும் முத்திரை, கையெழுத்து எல்லாம் பக்கா. இரண்டு வருட கிராஜுவிட்டி பதினொரு மாதம் தொங்கியது. கடைசியில் வழக்கைத் தீர்த்தது, என் மனைவி ட்ரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்த முதல் மாத சம்பளச் சீட்டு.

இன்னொன்று: தவறிப்போய் ஒரு கோப்பை அழித்தால் எல்லாப் பிரதியிலும் சேர்ந்தே அழியும். தனியாக ஒரு பேக்கப் வேண்டும். மகனிடம் மூன்று மாதமாகச் சொல்கிறேன், குடும்பப் படங்களுக்கு வேறு டிஸ்க் வாங்கு என்று. "எல்லாம் கிளவுடில் இருக்குப்பா" என்கிறான்.