வண்டியை இழுக்குமுன் மண்ணைப் பாருங்கள்

ஹுசேன் சாகர் நடுவே நிற்கும் புத்தர் சிலையைப் பார்க்காத ஐதராபாத் தமிழர் இருக்க மாட்டார். ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதலில் அழைத்துப் போவது அங்கேதான். அதைச் செதுக்கிய குழுவின் தலைவர் எஸ்.எம். கணபதி ஸ்தபதி தமிழகத்தில் பிறந்தவர் என்பதில் நம்மவர்களுக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அச்சிலை ஏரிக்கு எப்படி வந்தது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள்.

350 டன்னுக்குக் குறையாத அந்த ஒற்றைக்கல், 1988ல் புவனகிரி (நம் சிதம்பரம் பக்கத்துப் புவனகிரி அல்ல) அருகேயுள்ள ராயகிரியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரம் 192 சக்கர வண்டியில் வந்தது. அதற்காக நகரில் சாலைகளே அகலப்படுத்தப்பட்டன. கரை வரை வந்த சிலை, 1990 மார்ச் 10ந் தேதி மிதவையில் ஏற்றப்பட்டு நூறு கஜம் போவதற்குள் சரிந்தது. 10 பேர் மாண்டனர். இரண்டரை ஆண்டுக்கு மேல் நீரில் கிடந்த சிலை 1992 டிசம்பரில்தான் எழுந்து நின்றது.

பாரத்தைத் தாங்குவது கீழே உள்ளதுதான், இழுக்கும் இயந்திரமல்ல. இந்த உண்மை ஒவ்வொரு தடவையும் மறக்கப்படுகிறது. வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டிய கோதண்டராமர் சிலைக்கான கல், 2018 டிசம்பரில் 240 சக்கர லாரியில் பெங்களூருக்குப் புறப்பட்டது. போய்ச் சேர ஆறு மாதம் ஆயிற்று. டயர்கள் வெடித்தன, செஞ்சியில் கடைகளும் வீடுகளும் இடைஞ்சலாயின. பாலங்கள் அந்தப் பாரத்தைத் தாங்காது என்பதால் ஆற்றிலேயே தற்காலிக மண் சாலை போட வேண்டியிருந்தது. ஓசூர் அருகே தென்பெண்ணையில் போட்ட அத்தகைய சாலையை ஒரு மழை அடித்துக் கொண்டு போயிற்று.

மணலில் தடம் போடுவது சின்ன வேலையல்ல. காய்ந்த மணலில் சக்கரம் ஏறினால் மணல் இரு பக்கமும் ஒதுங்கும், வண்டி அச்சு வரை இறங்கும். மெரினாவில் நடந்தவருக்கு இது தெரியும்: மேட்டு மணலில் கால் புதையும், அலை ஓரத்து ஈர மணலில் புதையாது. எகிப்தியர் சுமார் 3,900 ஆண்டுக்கு முன்பே, சிலை ஏற்றிய சறுக்குவண்டிக்கு முன்னால் ஒருவன் தண்ணீர் ஊற்றுவதைச் சுவரில் எழுதி வைத்தார்கள். அளவான ஈரத்தில் இழுக்கும் பலம் பாதியாகக் குறைகிறது என்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் 2014ல் சோதித்துச் சொன்னார்கள். தண்ணீர் மிஞ்சினால் சேறுதான்.

ஆகவே தளர்ந்த மணலை வழித்தெடுத்து, கிராவல் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து ரோலர் ஓட்ட வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் உருட்டினால் உள்ளே பொக்கை நிற்கும். ஓரம் சரியாமல் மணல் மூட்டை அணைக்க வேண்டும். ஆறானால் அடியில் குழாய் பதிக்க வேண்டும். திரும்பும் இடத்தில் இரும்புத் தகடு வேண்டும். திருவாரூர்த் தேரைத் திருப்புகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இதற்குத்தான் காண்ட்ராக்டர்களுக்கு மனம் வருவதில்லை. வண்டி வாடகை லட்சக்கணக்கில் போகும். ரோலர் இன்னொரு நாள் ஓடினால் கணக்குப் பார்ப்பார்கள். புதைந்த பிறகு கூலிக்காரரை இறக்கி, மண்வெட்டியும் கட்டையும் கொடுத்து, சக்கரத்தின் கீழ் கை நீட்டச் சொல்வார்கள். அந்தக் கை பெரும்பாலும் பிழைக்க வந்தவன் கை. ஐதராபாத்தைச் சுற்றிக் கட்டட வேலையிலும் லாரியிலும் இருக்கும் நம்மவர்கள் இதை நன்கறிவார்கள்.

பெரும் பாரம் நகர அனுமதி கேட்டால், அதிகாரிகள் வண்டியின் காகிதத்தோடு தடத்தின் காகிதத்தையும் கேட்கட்டும். பாரம் ஏற்றிய சாதா லாரி ஒன்றை முதலில் அத்தடத்தில் ஓட்டிக் காட்டிய பிறகே பெரிய வண்டிக்குக் கையெழுத்து விழ வேண்டும். வேலையாட்களின் பெயர்கள் முதல் நாளே பதிவேட்டில் ஏறி, இன்ஷூரன்ஸும் கட்டப்பட்டிருக்க வேண்டும். இழுக்கும் கம்பிவடம் விறைத்து நிற்கையில், அது அறுந்து வீசினால் எட்டும் தூரத்துக்குள் ஒருவரையும் நிற்க விடக்கூடாது, வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் உட்பட.