நிறைந்த தட்டு

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் தில்லித் தமிழர் இல்லங்களில் ஊர்ப்பயணத்தைத் தவிர வேறு பேச்சில்லை. பால்காரரிடம் சொல்லியாகிவிடும், செய்தித்தாளை நிறுத்தியாகிவிடும். பூனையின் நினைவு மட்டும் கதவைப் பூட்டும் வேளையில்தான் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் அந்தத் தவற்றைச் செய்தேன். உறவினர் திருமணத்திற்காகக் குடும்பத்தோடு கும்பகோணம் சென்றோம். எங்கள் கறுப்பிக்குத் தட்டு நிறைய உணவும் வாளியில் நீரும் வைத்து, அடுத்த வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுத்து, "அவ்வப்போது பார்த்துக்கொள், தம்பி" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டோம். அவனும் வந்து பார்த்தான். தட்டு நிறைந்தே இருந்தது. உணவுக்குக் குறைவில்லை என்றெண்ணித் திரும்பிவிட்டான். பன்னிரண்டு நாள் கழித்து நாங்கள் வந்தபோது கறுப்பி கட்டிலுக்கடியில் எலும்பும் தோலுமாய்க் கிடந்தது. மூன்று வாரம் குழாய் வழியே உணவு செலுத்திய பின்னரே பிழைத்தது.

பையன்மீது குற்றமில்லை. தட்டு நிறைந்திருப்பது கெட்ட செய்தி என்பதை நான் அவனுக்குச் சொல்லவில்லை.

அஞ்சிய பூனை ஒளிந்துகொள்ளும், உண்ண மறுக்கும். சில நாள் பட்டினி நீடித்தால் உடற்கொழுப்பு கல்லீரலில் சேர்ந்து அதன் வேலையைக் கெடுத்துவிடும். பருத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம் என்று மருத்துவர் விளக்கினார்.

அப்படியாயின் உடன் அழைத்துச் செல்லலாமா? பூனை தான் பழகிய இடத்தையே பெரிதும் பற்றி வாழும் பிராணி. முப்பது மணி நேரத்திற்கும் மேலான ரயில் பயணமும் புதிய வீடும் அதற்குப் பெருந்துன்பம். தன் வீட்டிலேயே அதை இருக்கவிட்டு, நம்பத்தக்க ஒருவரை நாள்தோறும் வரச்செய்வதே பெரும்பாலும் நலம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் தில்லிக் கோடையில் இருவேளை வருதல் வேண்டும்.

அவரைப் புறப்படுவதற்கு முன்பே இரண்டு மூன்று முறை அழைத்து, உங்கள் எதிரிலேயே உணவிடச் சொல்லுங்கள். பூனை ஒளியும் இடங்கள், உணவின் அளவு, மருத்துவரின் முகவரி ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். மருத்துவச் செலவுக்குப் பணமும் கொடுத்து வையுங்கள். ஒவ்வொரு நாளும் பூனையையே கண்ணால் காணவேண்டும். ஒரு நாள் முழுதும் உண்ணாவிடில் மருத்துவரிடம் காட்டவேண்டும். ஆண்பூனை சிறுநீர் கழிக்க முயன்றும் முடியாமல் வருந்தினால் அன்றே, அக்கணமே கொண்டுசெல்லவேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, நீரே போதும். நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாரசிட்டமால் பூனையின் உயிரைக் குடிக்கும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

"வெளியே விட்டால் எப்படியும் பிழைத்துக்கொள்ளும்" என்போரும் உளர். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அச்சட்டம் பிறக்க மாநிலங்களவையில் பாடுபட்டவர் கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல் என்பது நமக்குப் பெருமை. 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

இவ்வாண்டும் நாங்கள் ஊருக்குச் செல்கிறோம். அதே பையன், இப்போது கல்லூரி மாணவன், சாவியை வாங்கிக்கொண்டு சொன்னான்: "தினமும் கறுப்பியைக் கண்ணால் பார்த்துவிட்டு உங்களுக்குச் செய்தி அனுப்புகிறேன், மாமா." இம்முறை கவலையின்றி ரயில் ஏறுவேன்.