கடைசிப் புள்ளிக்கு அப்பால்

சுருள்வில் சோதனையைப் பள்ளியில் செய்திருப்பீர்கள். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர் ஒருவர் 50, 100, 150 என்று 300 கிராம் வரை எடை ஏற்றி, வில் நீண்ட அளவைக் குறித்தார். வரைபடத் தாளில் ஆறு புள்ளிகள், அழகான நேர்கோடு. அதோடு விடாமல், அளவுகோலை வைத்து அந்தக் கோட்டை ஆயிரம் கிராம் வரை இழுத்துவிட்டார்.

"அவ்வளவு எடை போட்டுப் பார்த்தாயா?" என்றேன்.

"இல்லை சார். கோடு அந்தப் பக்கம்தானே போகிறது!"

ஒரு கிலோவை மாட்டினோம். வில் நீண்டுகொண்டே போயிற்று. எடையை எடுத்த பிறகும் பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை. (ஆய்வக உதவியாளர் என்னை முறைத்தார். வில்லின் விலையை யார் கணக்கில் எழுதுவது?)

அளந்த கடைசிப் புள்ளிக்கு அப்பால் கோட்டை நீட்டுவதைப் புறச்செருகல் என்பார்கள். இந்தச் சின்ன விஷயத்தால் 2015-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு புகழ்பெற்ற விமானத்தின் பறப்பு நிறுத்தப்பட்டது. 'நன்றாகப் பறக்கிற விமானத்தை ஏன் நிறுத்த வேண்டும்?' என்று அப்போது ஆயிரக்கணக்கானோர் வருந்தினார்கள். நிறுத்தியது சரிதான் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த விமானம் அவ்ரோ வல்கன், எண் எக்ஸ்.எச்.558. முக்கோணச் சிறகுகள், நான்கு ஒலிம்பஸ் ஜெட் எஞ்சின்கள், ஒவ்வொன்றும் சுமார் 75,000 நியூட்டன் உந்துவிசை தருபவை. அணுகுண்டு சுமப்பதற்காகவே பிரிட்டன் இந்த ரகத்தைக் கட்டியது. முன்மாதிரிகளையும் சேர்த்து மொத்தம் 136 விமானங்கள். அணுகுண்டு போட ஒருநாளும் நேராமல் அந்த வேலை முடிந்ததே, அதுவரை மகிழ்ச்சி.

எக்ஸ்.எச்.558 முதலில் பறந்தது 1960 மே மாதத்தில். வல்கன்கள் 1984-ல் படைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டன. இது அதன் பின்னும் கண்காட்சிகளில் பறந்து, 1993 மார்ச்சில் லெஸ்டர்ஷயரிலுள்ள புருன்டிங்தார்ப் விமானத்தளத்தில் இறங்கி நின்றது. பிறகு 14 ஆண்டுகள் அது வானைப் பார்க்கவில்லை.

நிற்பதால் விமானம் கெடுமா என்று கேட்கலாம். உங்கள் சைக்கிளை ஒரு மழைக்காலம் முழுவதும் மூலையில் சாத்தி வைத்துப் பாருங்கள். சங்கிலி துருப்பிடிக்கும், கிரீஸ் கட்டிப் போகும், டயரில் வெடிப்பு விழும். விமானத்திலும் அதே கதைதான், பெரிய அளவில். ரப்பர் அடைப்புகளும் எண்ணெய்க் குழாய்களும் இறுகிப் போகும். மின்கம்பிகளின் மேலுறை நொறுங்கும். அலுமினியத் தகடும் எஃகு ஆணியும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் என்ன ஆகும்? இரண்டு வேறு உலோகங்கள், நடுவே உப்புக் கலந்த நீர். நீங்கள் படித்த மின்கலமேதான்! அலுமினியம் மெல்ல மெல்ல அரிக்கப்படும். வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

ஆகவே முதலில் ஒவ்வொரு பகுதியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்களைத் தேட எக்ஸ் கதிர், மீயொலி, சுழல் மின்னோட்டம் ஆகிய மூன்றும் உதவுகின்றன. பாடப்புத்தகத்தில் இம்மூன்றும் தனித்தனி அத்தியாயங்களில் இருக்கும். விமானக் கொட்டகையில் ஒரே சிறகின் மேல் சந்தித்துக்கொள்ளும். ராபர்ட் பிளெமிங் என்பவர் முன்னின்று நடத்திய இந்த வேலை 2005-ல் மும்முரமாகத் தொடங்கியது. மொத்தச் செலவு ஏறக்குறைய 70 லட்சம் பவுண்டு. லாட்டரி வருமானத்திலிருந்து பழம்பொருள் பாதுகாப்புக்கு ஒதுக்கும் நிதி சுமார் 27 லட்சம் பவுண்டு தந்தது. மிச்சத்தில் பெரும்பங்கு பொதுமக்களின் நன்கொடை. 2007 அக்டோபர் 18 அன்று வல்கன் மறுபடி பறந்தது. 34 நிமிடங்கள்.

இவ்வளவு செலவழித்துப் பறக்கவிட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானம் தன் வடிவத்தை மட்டும்தான் காட்டுகிறது. பறக்கிற விமானத்தைச் சுற்றி, அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் இருந்தாக வேண்டும். அந்தக் கைகளும் சும்மா இருந்தால் கெட்டுப்போகும்.

2012-ல் ஒரு விபரீதம் நடந்தது. எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் ஈரம் சேராமலிருக்க சிலிக்கா ஜெல் பைகளை வைத்திருந்தார்கள். புதிய தண்ணீர்ப் பாட்டிலோடும் காலணிப் பெட்டியோடும் வருமே, அந்தச் சிறு பொட்டலத்தின் பெரிய அண்ணன். மே 28 அன்று அவை உள்ளேயே விடப்பட்டிருந்தன. புறப்படுவதற்காக எஞ்சினை முடுக்கியதும் ஒன்றாம் எஞ்சின் அவற்றை விழுங்கிற்று. அதன் சிதறல்களைப் பக்கத்து எஞ்சின் விழுங்கிற்று. விநாடிகளில் இரண்டும் பாழ். விமானி நிறுத்திவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. ஓடாமல் காத்து வைக்கப்பட்ட எட்டு எஞ்சின்கள்தாம் இந்த விமானத்தின் முழுச் சொத்து. அந்த ரகம் இனி எங்கும் தயாராகப் போவதில்லை.

எஞ்சினையாவது மாற்றலாம். சிறகை என்ன செய்வது? கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடித்திருப்பீர்கள். ஒரே வளைவில் ஒடியாதது இருபதாவது வளைவில் ஒடிகிறது. இதற்கு உலோக அயர்ச்சி என்று பெயர். ஒவ்வொரு திருப்பமும், தரையிறக்கமும், காற்றின் மோதலும் சிறகுக்கு ஒரு வளைவு. எஃகுக்கு ஒரு சலுகை உண்டு: ஒரு குறிப்பிட்ட தகைவுக்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் அது பொதுவாக முறிவதில்லை. விமானம் கட்டும் அலுமினியக் கலவைகளுக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. சின்னச் சின்ன வளைவுகளும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். வல்கனின் சிறகையும் இடையில் வலுவூட்டி ஆயுளைச் சிறிது நீட்டினார்கள்.

ஆனால் எக்ஸ்.எச்.558 பறந்த மணிநேரம் வேறெந்த வல்கனையும் விடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் ஒன்றாகப் பறந்த காலத்தில், அதிக மணிநேரம் பறந்த ஒன்றில் விரிசல் கண்டால் மற்றவற்றிலும் அதே இடத்தைப் பார்ப்பார்கள். அண்ணன் இடறிய இடத்தில் தம்பி கவனமாகக் கால் வைப்பது போல. இப்போதோ முன்னால் போக அண்ணன் இல்லை. விரிசலை எங்கே தேடுவது என்பதே தெரியாத பகுதிக்குள் விமானம் போய்க்கொண்டிருந்தது. தெரிந்த நிபுணர்களும் ஓய்வு பெற்றுக்கொண்டிருந்தனர். ஆகவே பொறுப்பேற்றிருந்த மூன்று நிறுவனங்களும், அதாவது பி.ஏ.இ., மார்ஷல், ரோல்ஸ் ராய்ஸ், அந்த ஆண்டோடு விலகிக்கொண்டன. அவர்கள் ஆதரவின்றி அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் அனுமதி தராது. 2015 அக்டோபர் 28 அன்று வல்கன் கடைசியாகப் பறந்தது.

'இதுவரை ஒன்றும் ஆகவில்லையே' என்பது ரசிகர்களின் வாதம். அது என் மாணவரின் வாதம் அல்லவா? 300 கிராம் வரையிலும் வில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலும், ஆபத்து விமானிக்கு மட்டும் உரியதன்று. அதே 2015 ஆகஸ்டில் ஷோர்ஹாம் கண்காட்சியில் ஒரு பழைய ஹண்டர் போர்விமானம் சாலையில் விழுந்து 11 பேர் இறந்தனர். அங்கே காரணம் அயர்ச்சி அன்று. போதிய வேகமும் உயரமும் இல்லாமல் போட்ட குட்டிக்கரணம். ஆனாலும் இறந்தவர்கள் எல்லோரும் கீழே இருந்தவர்கள்.

பழைய விமானம் என்றாலே பறக்கக் கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். நம் விமானப்படையிடமே ஒரு டகோட்டா இருக்கிறது. பல ஆண்டுகள் பழுது பார்த்து, 2018 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து பறந்தே இந்தியா வந்தது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்கு வீரர்களை ஏற்றிச் சென்ற டகோட்டாவின் எண்ணான வி.பி.905 இதற்குச் சூட்டப்பட்டது. வயதில் இது வல்கனுக்கு மூத்தது. ஆனால் டகோட்டா குடும்பத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டன. சில 50,000 மணி நேரத்துக்கு மேலும் பறந்துவிட்டன. எங்கே விரிசல் விடும் என்பதை அந்த அண்ணன்மார் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கூப்பிட்டால் நாளைக்கே ஏறிக்கொள்வேன். வல்கனிலும் 2008-ல் ஏறியிருப்பேன். 2016-ல் கூப்பிட்டிருந்தால் கீழே நின்று கையசைத்திருப்பேன், அதுவும் கொஞ்சம் தள்ளி நின்று.